வேளாங்கண்ணிக்குப் போகாத நடை

நடைக்கு என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று நடையை ஏற்பாடு செய்த நஜீமா என்கிற பெண் போனில் அனுப்பியிருந்தாள். துண்டு, போர்வை, டம்ளர், டார்ச், மாற்றுத் துணி, மாத்திரை, ரப்பர் செருப்பு. படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் சேரப் போனபோதும் இதையேதான் சொன்னார்கள். பரண்மேல் கிடந்த அதே நீலப் பையை இறக்கித் தூசி தட்டினேன். அப்போது கொண்டுபோன டம்ளர்கூட உள்ளேயே கிடந்தது.

மார்பகப் புற்றுநோய்க்காக நாலு நாள் நடை அது. மலைக்கோட்டை அடிவாரத்தில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருவெள்ளறை என்று வடக்கே சுற்றிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். வழியில் பெண்களைக் கூட்டிப் பேசுவார்கள். வசூலாவதை ஏழைப் பெண்களின் பரிசோதனைக்குக் கொடுப்பார்கள். எனக்கு இந்த வியாதி வந்து, இடது பக்கத்தை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. மின்வாரியத்தில் பில் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். கூட்டம், கோஷம் எதுவும் எனக்கு ஆகாது. பிறகு ஏன் பெயர் கொடுத்தாய் லூர்துராணி என்று கேட்டால், வீட்டில் பேச ஆளில்லாமல் இருந்து இருந்து, ஒருநாள் பால்காரரிடம் பேச வாயெடுத்தேன், குரலே வரவில்லை. பயந்துபோய்விட்டேன்.

பையில் கடைசியாக வைத்தது கடுகுப் பை. வெட்டி எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளக் கடையில் விற்பது வெயிலில் கொதிக்கும், ஒட்டும், நமக்குச் சரிப்படாது. என் மகள் பிரான்சியின் குழந்தைக்குக் கடுகுத் தலையணை தைத்தபோது மிஞ்சிய கடுகை, பழைய பாவாடைத் துணியில் கைக்கு அடக்கமாகத் தைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். கனம் சரியாக இருந்தது. உடம்பில் ஒன்று, மாற்றுக்கு ஒன்று.

பிரான்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் எனக்குக் கட்டி வந்தது. அம்மாவுக்கு வந்தால் பெண்ணுக்கும் வருமே என்று எந்த வீட்டிலும் யோசிப்பார்கள். அதனால் கர்ப்பப்பையை எடுத்ததாக ஊருக்குச் சொன்னோம். மருந்து ஏற்றித் தலைமுடி கொட்டியபோது, வேளாங்கண்ணியில் மொட்டை போட்டேன் என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்று யார் சொன்னது? நான் மறைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் தனியாகத்தான் போவேன். என் கணவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது; பிரான்சி கூட வந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். கவுன்டரில், "கூட யாரு வந்திருக்காங்க?" என்பார்கள். வந்துட்டிருக்காங்க என்பேன். சாயங்காலம் ஊசி குத்தி முடிகிறவரை அவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

பிரான்சி இப்போது கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். அவள் மாமியார் வீட்டுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. எந்தப் போட்டோவிலும் விழுந்துவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் என்னை நடைக்கே விட்டாள்.

அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலிருந்தே காலையில் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் காட்டூர்த் தெருக்களில் நடந்து பழகினேன். வீட்டுச் சொந்தக்காரர் தைரியராஜ் கேட்டில் நின்று, கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி நடையா என்று கேட்டார். அவர் மேலும் தப்பில்லை. இந்த ஊரில் இந்த மாதத்தில் ஒருத்தி ஷூ மாட்டி நடந்தால் வேறெங்கே போவாள்? ஆமாங்க என்று சொல்லித் தொலைத்தேன்.

அத்தோடு விட்டதா? நடந்து போகிறவளிடம் அக்கம்பக்கத்தார் காணிக்கை கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மெழுகுவர்த்திக் கட்டுகள் வந்து குவிந்தன. தைரியராஜ் ஆள் உயர மெழுகுவர்த்தி ஒன்று சொல்லி வைத்திருந்தார். தூக்க நீங்களும் கூட வருவதானால் சரி என்றேன். கடைசியாகக் கீழ்வீட்டு சுஜா படியேறி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. புருஷன் ஜெஸ்வின் கத்தாரில் வேலை, எல்.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தை. மஞ்சள் துணியில் கட்டிய சின்ன முடிச்சை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாதா காலடியில வச்சிடுங்க ஆன்ட்டி. பிரிக்க மட்டும் வேணாம்."

நான் அங்கே போகவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முடிச்சை வாங்கிக்கொண்டேன். மாதா சமாச்சாரத்தில் ஏமாற்றவும் எனக்குத் துணிச்சல் கிடையாது. நடை முடிந்த கையோடு பஸ் ஏறிப்போய் எல்லாவற்றையும் வைத்துவிட்டு வரலாம் என்று முடிவுசெய்து, அத்தனையையும் நீலப் பையில் திணித்தேன்.

புறப்படும் இடத்தில் நஜீமா டி-ஷர்ட் கொடுத்துக்கொண்டிருந்தாள். வியாதி வந்து மீண்டவர்களுக்கு ரோஸ், முதுகில் அது எழுதியே இருந்தது. துணைக்கு நடப்பவர்களுக்கு வெள்ளை. தனியாகவா வந்தீர்கள், கூட யாராவது இருக்கிறார்களா என்று அவளும் கேட்டாள். இந்தக் கேள்வி என்னை விடாது போலிருக்கிறது. தனியாகத்தான் என்று சொல்லி வெள்ளையை வாங்கிக்கொண்டேன்.

பகல் முழுக்க ஊருக்குள் சுற்றிவிட்டுக் காவிரிப் பாலம் தாண்டினோம். ரோஸ் சட்டைக்காரிகள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, அவரவர் தழும்பைப் பற்றி ஏதோ வளையல் வாங்கின கதை மாதிரி பேசிக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சட்டைக்காரிகள் எல்லோரும் யாருக்காவது அக்காவாகவோ மகளாகவோ வந்தவர்கள். நான் இரண்டிலும் சேராமல் நடுவில் நடந்தேன். அம்மா மண்டபத்துப் பக்கம் ஒரு மாமி எல்லாருக்கும் நீர்மோர் கொடுத்தாள். என் பெரிய பையைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும், "எந்த க்ஷேத்ரத்துக்குப் போறேள்?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை என்றேன். பாவம், சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கல். அறுவை செய்த பக்கத்துக் கையில் கனம் தூக்கக் கூடாது. வலது தோளிலேயே சுமந்து சுமந்து தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. பையைத் திறந்தால் மெழுகுவர்த்தியெல்லாம் வெயிலில் இளகித் துணிகளோடு ஒட்டிக்கிடந்தது. சுஜாவின் மஞ்சள் முடிச்சும் மெழுகில் மாட்டியிருந்தது. இழுத்தேன். துணி அவிழ்ந்து, உள்ளே இருந்தது தரையில் விழுந்து ஓடியது.

பக்கத்துப் பாயில் இருந்த வீரம்மாள் அதை எடுத்தாள். லால்குடிக்காரி, ரோஸ் சட்டை, காலையிலிருந்து வாய் மூடாதவள். விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளித் தகடு. கண், கை, கால் என்று நோய் வந்த உறுப்பைத் தகட்டில் அடித்து விற்பார்களே, அது. இதில் இருந்தது பெண்ணின் மார்பு.

"யாரு குடுத்தாங்க்கா இதை?" என்றாள். நான் சொன்னேன். "நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கி சமயபுரத்துல போட்டேங்க்கா. ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிட்டுக் கம்முனு இருந்தேன். டாக்டர்கிட்ட போறதுக்குள்ள அக்குள் வரைக்கும் ஏறிடுச்சு. அந்தப் பொண்ணைச் சும்மா விட்டுறாதீங்க."

உடனே சுஜாவுக்குப் போன் போட்டேன். முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது, தகடு யாருக்கு என்று கேட்டேன்.

"ஊர்ல பெரியம்மாவுக்கு ஆன்ட்டி. நெஞ்சுவலி" என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. நெஞ்சுவலிக்கு இதயம் அடித்த தகடு தனியாக இருக்கிறது. பெரிய கடைவீதியில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கித்தான் வைத்திருப்பார்கள், தெரியாமல் மாற்றி வாங்க முடியாது. கர்ப்பப்பை என்று நான் சொன்ன அதே வேகத்தில் பெரியம்மா என்று அவள் சொன்னாள். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். பெரியம்மா மாட்டேன் என்கிறார்களாம், மாதா பார்த்துக்கொள்வாளாம். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது பிரான்சியைக் கூப்பிட்டேன். முழுவதையும் சொல்லி, சுஜாவிடம் என் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள்.

பிரான்சி, "அவ வீட்டு விஷயத்துல நீ ஏம்மா தலையிடறே? அவளுக்குத் தெரிஞ்சா காட்டூருக்கே தெரியும். எங்க அத்தை காதுக்கு வர எவ்வளவு நேரமாகும்?" என்றாள்.

அவள் பயம் அவளுக்கு. நியாயம்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் கை வீங்கியிருக்கிறதா, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை என் மகள் கேட்கவில்லை. பாலத்தில் நல்ல காற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நன்றாகவே அழுதேன். எனக்காகக் கொஞ்சம், சுஜாவுக்காகக் கொஞ்சம். ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்த அந்தப் பச்சைப் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்து, வந்துட்டிருக்காங்க, வந்துட்டிருக்காங்க என்று சொல்வது என் காதிலேயே கேட்டது.

நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் நஜீமாவிடம் போய், அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும், போவதற்கு முன்னால் ஒரு ரோஸ் சட்டை வேண்டும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் என்ன சைஸ் என்று மட்டும் கேட்டாள். நல்ல பெண். வீரம்மாள் என் பையைத் தூக்கிவந்து பஸ்ஸில் வைத்துவிட்டு, போயிட்டு வாங்க என்று கையைப் பிடித்து அழுத்தினாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறிக் காட்டூரில் இறங்கியபோது உச்சிவெயில். வங்கியில், மளிகைக்கடையில், கோவில் வாசலில் என்னைத் தெரியாதவர் இல்லாத தெரு. ரோஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, முதுகில் எழுத்தோடு நடந்தேன். திருவெள்ளறைவரை நடந்திருந்தால்கூடக் கால் அவ்வளவு கனத்திருக்காது. தைரியராஜ் கேட்டில் நின்று, அதற்குள் வேளாங்கண்ணி போய்த் திரும்பிவிட்டேனா என்று கேலி செய்தார். நான் தாண்டிப் போன பிறகு முதுகைப் படித்திருப்பார். பின்னால் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

சுஜா கதவைத் திறந்தாள். சட்டையை முன்னும் பின்னும் பார்த்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, வெள்ளித் தகட்டை மேசைமேல் வைத்தேன்.

"நான் வேளாங்கண்ணிக்குப் போகலை. எனக்குக் கர்ப்பப்பையும் எடுக்கலை."

அவள் மறுபடியும் பெரியம்மா என்று ஆரம்பித்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, உள்ளேயிருந்த கடுகுப் பையை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தேன். வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது. சட்டை இடது பக்கம் தட்டையாகத் தொங்கியது. இந்த மூன்று வருடத்தில் டாக்டரையும் நர்ஸையும் தவிர, பிரான்சிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

சுஜா கையில் இருந்ததை அமுக்கிப் பார்த்தாள். என்ன இது என்றாள். கடுகு என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, அப்படியே முகம் கோணி அழுகையாகிவிட்டது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மார்பின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு புளியங்கொட்டை அளவுக்கு விரலில் இடறியது.

"அவர்கிட்டகூடச் சொல்லலை ஆன்ட்டி. போன்ல எப்படிச் சொல்றது? பயந்துடுவாரு. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியலை" என்றாள்.

மாடியில் நான் ஒருத்தி இருந்தேன். என் தலைக்குக் கீழே அவள் ஒருத்தி இருந்தாள். நடுவில் ஒரு தளம்தான். கட்டி எல்லாமே அந்தக் கட்டியாக இருக்காது, காட்டினால்தான் தெரியும், காலையில் போகலாம் என்றேன். என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், என்னிடம் பை கட்டியே இருக்கிறது என்றேன்.

காலையில் குழந்தையை ஸ்கூலில் விட்டுவிட்டுப் போனோம். அதே ஆஸ்பத்திரி, அதே பச்சைப் பெஞ்ச். பஸ்ஸில் வரும்போதே பிரான்சி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். சாயங்காலம் பேசுகிறேன் என்று அனுப்பியிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் சுஜாவின் பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்காமலே, "கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள்.

சுஜா திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "நான்" என்றேன்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

அம்மா, அத்தை, அக்கா என்று எதையாவது சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பொய் சொல்ல நன்றாக வருமே. "மாடி வீடு" என்றேன். கவுன்டர் பெண் அதை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு, உட்காருங்க என்றாள்.