வாடையில்லாத கண்

செல்லக்கிளியின் செவலைப் பசு போன ஈற்றில் செத்த கன்று போட்டது. ஒரு கால் முன்னால் வந்து, மற்றது உள்ளே மடங்கிக் கிடந்ததை யாரும் நேரத்தோடு பார்க்கவில்லை. இந்தத் தடவையும் அப்படியானால் மாட்டை விற்றுவிடுவதாகப் புருஷன் பொன்னுச்சாமி சொல்லிவிட்டார்.

அதனால்தான் வேடசந்தூர்ப் பக்கத்து அந்தத் தொழுவத்தில் செயற்கை நுண்ணறிவுக் கேமரா ஏறியது. மாட்டியவர் சிவபிரகாஷ், ஒரு கம்பெனியின் ‘முதன்மைத் தொலைநோக்கு அதிகாரி’. “மாடு நெனைக்கிறத மாட்டுக்கு முன்னாடியே இது கண்டுபிடிச்சிரும்மா” என்றார். செவலை அசைபோட்டபடி கேட்டுக்கொண்டது.

ஆயுத பூசையன்று அரிவாள், மண்வெட்டி, மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த செல்லக்கிளி, கேமராவை மட்டும் விடுவாளா? நெற்றி எதுவென்று தெரியாமல் கண்ணிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் திண்டுக்கல்லிலிருந்து கார் பறந்து வந்தது. “மாட்டுக்கு ரத்தப்போக்கு! தொண்ணூத்தெட்டு சதவீதம் உறுதி!” என்று குதித்து இறங்கினார் சிவபிரகாஷ். செவலை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. பொன்னுச்சாமி கேமராவைத் துண்டால் துடைத்தார். ரத்தப்போக்கு நின்றுவிட்டது.

சிவபிரகாஷ் அசடு வழிந்து முடிவதற்குள் செவலைக்கு நிஜமாகவே வலி கண்டது. வாலைத் தூக்கியது, படுக்கப் போனது, மூக்கை விரித்துச் சீறிவிட்டு விறைத்து நின்றது. அரை மணி நேரம் நின்றது நின்றபடிதான்.

“ஏம்மா படுக்க மாட்டேங்குது?”

“ஒங்க சென்ட்டுதான் தம்பி. அதுக்கு மூக்குதான் கண்ணு. தெரியாத வாடை இருக்கிற வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் நிக்கும். எல்லாரும் வெளிய வாங்க.”

“அப்ப யாரு பாக்கிறது?”

செல்லக்கிளி மேலே பார்த்தாள். “அது பாக்கட்டும். அதுக்கு வாடையே இல்லையே.”

கார் பானெட்டின் மேல் போனைச் சாய்த்து வைத்து, மூன்று தலைகளும் குனிந்தன. கொஞ்ச நேரத்தில் செவலை படுத்தது. ‘அடையாளம் தெரியாத பொருள்: குச்சி, இரண்டு’ என்றது போன்.

“குச்சியா? கொளம்பு தம்பி! ரெண்டு காலும் வந்திருச்சு. அந்தா, மூக்கும் தெரியுது. நேராத்தான் வருது!”

சிவபிரகாஷுக்குச் சதவீதமெல்லாம் மறந்துபோயிற்று. “பொழச்சிருமாம்மா?” என்றார், சின்னக் குரலில்.

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. தொழுவத்துக்கு ஓடியிருந்தாள். பின்னாலேயே கிளம்பியவரை, “நீங்க அங்கனயே நில்லுங்க!” என்ற சத்தம் நிறுத்தியது.

போனில் ஈரக் காதுகள் இரண்டு படபடவென்று உதறின. செவலை திரும்பி நக்கத் தொடங்கியது. திரையின் ஓரத்தில் எழுத்து மாறியது. பொன்னுச்சாமி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்:

“மாடு... ரெண்டு.”

இன்னொரு தடவை படிக்கப் பார்த்தார். எழுத்து மங்கலாகத் தெரியவே, திரையைத் துண்டால் துடைத்தார்.