இல்லாத பிரேக்

எங்கள் காரின் முன் பக்க மிதியடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓட்டுகிறவர் பக்கம் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இது பக்கத்து சீட்டுக்குக் கீழே. அங்கே மிதிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. அந்த ஓட்டையைப் போட்டது என் கால்.

நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் நான் மிதிப்பேன், வண்டி நின்றுவிடும். அதனால் அங்கே எனக்குக் கோபம் வெளியே வராது. ஒரு அம்மா திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதிலாக வைப்பரைப் போடுவார், சிரித்துக்கொள்வேன். ஒரு பேங்க் மேனேஜர் வண்டியைக் காய்கறிக் கடைக்குள் விடப் பார்த்தார். "பரவாயில்ல சார், தக்காளி வேணும்னா இறங்கியே வாங்கிக்கலாம்" என்றேன். முதலாளி போனில் கத்தினால் "சரிங்க, சரிங்க." வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். என்னிடம் படிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் 'பொறுமை மாஸ்டர்.'

வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் என் பத்து வயது மகள் சிரிக்கமாட்டாள். எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி நர்ஸ். மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை அமைந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். வண்டி அவர்களே தருவார்கள், லைசென்ஸ் மட்டும் வேண்டும். ஒன்றாம் தேதிக்குள் காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்கு. ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்டில் தோற்றுவிட்டாள். மூன்றாவது முறையும் போனால் அறுபது நாளைக்கு மறுபடி டெஸ்டுக்கே போக முடியாது. இரண்டு தாளிலும் ஆபீசர் ஒரே காரணத்தைத்தான் எழுதியிருந்தார்: தேவையில்லாமல் திடீர் பிரேக்.

"ரோட்ல ஒரு ஈ காக்கா இல்லாதப்போ யாராவது பிரேக் போடுவாங்களா?" என்று இரண்டு தடவையும் நான் குதித்தேன். போதாக்குறைக்கு என் மச்சான், அவள் தம்பி, போன் பண்ணி, "ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுக்குறீங்க மாமா, எங்க அக்காவுக்கு மட்டும் ராசியில்லையா?" என்று சிரித்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலை போய்விடுமே என்பதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

மூன்றாவது டெஸ்ட் அன்றைக்குப் பத்து மணிக்கு. காலை ஏழு மணி வகுப்பில் ஒரு பையன் வண்டியை நடைபாதை மேல் ஏற்றிவிட்டான். "பரவாயில்ல தம்பி" என்றேன். எட்டு மணிக்கு முதலாளி அதற்காக என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "சரிங்க" என்றேன். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டாயிற்று. ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம். மனைவிதான் ஓட்டினாள்.

"கண்ணாடியப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"பாத்த மாதிரி தெரியலையே."

தெருமுனையில் ஒரு லாரி தெரிந்தது. என் கால் டொக்கென்று தரையை மிதித்தது. உடனே வண்டி குலுங்கி நின்றது. லாரி நூறடி தள்ளித்தான் இருந்தது.

"எதுக்கு நிறுத்துன?"

"இல்ல, நீங்க..."

"நான் என்ன? ஸ்டியரிங் உன் கையில இருக்கா, என் கையிலயா?"

சிக்னலில் பச்சை விழுந்ததும் எஞ்சின் அணைந்துபோனது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். பயிற்சி வண்டியில் அந்தச் சத்தம் என் காதில் விழவே விழாது. இங்கே அது நேராக மண்டைக்குள் போனது. "கிளட்ச்! கிளட்ச்னு எத்தனை தடவை சொல்றது? உனக்குத் தலையில என்னதான் இருக்கு?" என்று கத்தினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

ரவுண்டானாவில் நுழையும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வருவதுபோல் இருந்தது. வரவில்லை. ஆனால் என் கால் மிதித்துவிட்டது. டொக். அவள் நட்டநடு ரோட்டில் பிரேக்கைப் போட்டாள். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு, ஒரு முழம் இடைவெளியில் நின்றது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எவன்மா உனக்கு வண்டி கத்துக்குடுத்தவன்?"

அவ்வளவுதான். காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் ஒரே நொடியில் மேலே வந்துவிட்டது. அவள் கை கியரைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் மேல் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

பளீரென்று சத்தம் கேட்டது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் படிக்க வந்த ஒருத்தர் மேலும் என் விரல்கூடப் பட்டதில்லை.

அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக் இழுத்தாள். எஞ்சினை அணைத்தாள். எல்லாம் வரிசை பிசகாமல் செய்தாள். அந்த நேரத்திலும் நான் அதைக் கவனித்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டு தடவையும் ஏன் பிரேக் போட்டேன்னு கேட்டீங்கல்ல?" என்றாள். குரல் நடுங்கவில்லை. "இப்ப சொல்றேன். நீங்க டொக்குனு மிதிச்சா அடுத்து திட்டு வரும். ரோட்ல எதுவும் வருதோ இல்லையோ, அது கண்டிப்பா வரும். அந்தச் சத்தம் கேட்டாலே என் கால் தானா பிரேக்க மிதிக்குது. மொத டெஸ்ட்ல ஆபீசர் கால டொக்குனு மாத்தி வெச்சாரு. ரெண்டாவது டெஸ்ட்ல அவர் கையில இருந்த அட்டை கீழ விழுந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் கத்துவீங்க." சிவந்திருந்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இன்னைக்குக் கைவரைக்கும் வந்தாச்சு."

அடித்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"இறங்குங்க" என்றாள்.

என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். போயிருந்தாலும் தப்பில்லை. இறங்கினேன்.

"பின்னாடி உக்காருங்க. செருப்பக் கழட்டிட்டு, காலத் தூக்கி சீட்டு மேல வெச்சுக்கோங்க."

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் உள்கண்ணாடியைத் திருப்பி, என் முழங்கால் இரண்டும் மேலே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். வழியில் இரண்டு சிக்னல், ஒரு மார்க்கெட், எதிரில் கல் ஏற்றிவந்த டிராக்டர். ஒவ்வொன்றுக்கும் என் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. மிதிக்கத் தரை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு இடத்தில்கூடத் தேவையில்லாமல் நிறுத்தவில்லை.

லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்தில் ஆபீசர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன். நேர் ரோடு, வளைவு, மேடு எல்லாம் முடிந்தது. கடைசியாகப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஐம்பது அடிதான். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் பெரிய இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்.

டமார் என்ற சத்தத்தில் நானே துள்ளிவிட்டேன். காரின் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. போச்சு என்று கண்ணை மூடிக்கொள்ளப் போனேன். விளக்கு அணைந்தது. வண்டி குலுங்கவில்லை, நிற்கவில்லை. அதே வேகத்தில் கோடு வரைக்கும் வந்து நின்றது.

ஆபீசருக்கு என்னை நன்றாகத் தெரியும். வாரம் நாலு பேரைக் கூட்டிப் போகிறவன்.

"பாஸ், மாஸ்டர்!" என்றார். "இந்தத் தடவை யாருகிட்ட அனுப்பினீங்க? நல்லாக் கத்துக்குடுத்திருக்காங்க."

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தாளை அழுத்திப் பிடித்திருந்த அந்தக் கையில் என் நாலு விரலும் இன்னும் தெரிந்தன. ஆபீசரும் அதைப் பார்த்திருப்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"யாருகிட்டயும் அனுப்பல சார்" என்றேன். "அவளா கத்துக்கிட்டா."

காருக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் முன்கதவைப் பிடித்து இழுத்தேன். பூட்டியிருந்தது. உள்ளே இருந்தவளிடம் ஜன்னல் வழியாகக் குனிந்து, "தப்புதான். மன்னிச்சுடு" என்றேன்.

"கேட்டுச்சு" என்றாள்.

பின்கதவின் பூட்டு மட்டும் விடுபட்டது. ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். அவள் இன்னும் சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கி மேலே வைத்தேன். முழங்கால் இரண்டும் தெரிந்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.