எழுந்து நின்ற ஆறு தூதர்கள்

எங்கள் அருங்காட்சியகச் சுவர் ஓவியத்துக்கு வயது பன்னிரண்டு. இயக்குநர் யான் பாவ்லினைக் கேட்டால் அறுநூறு என்பார். அதில் சீனாவின் மிங் பேரரசர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்திருப்பார். மேற்குப் புல்வெளியிலிருந்து குதிரைகளோடு வந்த ஆறு தூதர்கள் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்திருப்பார்கள். அதை விளக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு.

கஜகஸ்தான் குதிரை வியாபாரிகள் நட்பு ஒப்பந்தம் போட கான்சு மாகாணத்திலுள்ள எங்கள் மாவட்டத்துக்கு வருவதாகத் தகவல் வந்தது. கையெழுத்தானால் யானுக்குப் பெரிய பதவி. அந்த ஓவியத்தின் அடியில்தான் கையெழுத்து என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“சார், அவங்க பாட்டன் பூட்டன் எல்லாம் அதுல மண்டி போட்டுக் கிடக்கிறாங்களே?”

“அது மரியாதைம்மா சூயுன்! அறுநூறு வருஷ நட்பு! உனக்கு என்ன சரித்திரம் தெரியும்?”

சரித்திரம் படித்தவள் நான். அவர் சிமெண்ட் ஆலையை நடத்திவிட்டு வந்தவர்.

வந்தவர்களின் தலைவர் பொலாத் ஓவியத்தை நெடுநேரம் பார்த்தார். “உங்க ஆளுங்கதான்!” என்று யான் பூரித்துப்போனார்.

பொலாத் எங்கள் மொழியிலேயே சொன்னார்: “எங்க ஊர்ல கதையே வேறங்க. நாங்க படை எடுத்து வந்துடக் கூடாதுன்னு நீங்கதான் வருஷா வருஷம் பட்டு அனுப்பினீங்களாம். நாங்க பதிலுக்கு நொண்டிக் குதிரைகளைத் தள்ளிவிட்டோமாம்.”

ஆட்டிறைச்சியை வயிறாரச் சாப்பிட்டார்கள். பேனா மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாளே ஓவியத்திலிருந்த தூதர்களை எழுப்பி நிறுத்தச் சொன்னார் யான். எழுத்தில் கொடுங்கள் என்றேன். சிவப்பு முத்திரை இல்லாத காகிதத்தை இங்கே நாய்கூடச் சீண்டாது. முத்திரை குத்துவதென்றால் மனிதருக்குக் கொள்ளை ஆசை. பளிச்சென்று குத்திக் கொடுத்தார். மூன்றே நாளில் ஓவியர் ஆறு பேருக்கும் புதுக் கால்கள் வரைந்தார்.

அடுத்த மாதம் மாகாணத்திலிருந்து மேலதிகாரி தாவ் வந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

“போன வருஷம் மண்டி போட்டிருந்தானுங்களே, யாருய்யா எழுப்பி விட்டது? நம்ம சரித்திரத்தையே மறுக்கிறீங்களா?”

இங்கே அந்தப் பழி யார் தலையில் விழுகிறதோ அவர் வேலை அன்றோடு முடிந்தது.

யானின் விரல் கொஞ்சமும் கூசாமல் என் பக்கம் நீண்டது. “இந்தப் பொண்ணுதான் சார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் இந்த ஆள் சொன்ன பொய்களை வந்தவர்களிடம் நாக்கு வறள ஒப்பித்தவள் நான். பையிலிருந்து உத்தரவை எடுத்துத் தாவிடம் நீட்டினேன்.

தாவ் படித்தார். “முத்திரை உன்னுதுதானேய்யா?” என்று காகிதத்தை வீசினார். அது சுவரோரம் போய் விழுந்தது.

அதை எடுத்து மறைக்கப் பாய்ந்த யானுக்குக் கால் வழுக்கியது. மண்டி போட்டு விழுந்தார், நெற்றி தரையைத் தொட்டது. அவருக்கு மேலே ஆறு தூதர்களும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.