டாக்டர் சொன்ன கொழுப்பு

என் வீட்டுக்காரர் ராஜாங்கத்துக்குக் கொழுப்பு அதிகம் என்று கல்யாணமான புதிதிலேயே நான் கண்டுபிடித்துவிட்டேன். கள்ளக்குறிச்சி டாக்டருக்கு அதைச் சொல்ல ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்திரண்டு என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் ராஜாங்கத்தின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன். அவருடைய அப்பா கரும்பு வெட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அந்த நினைப்பு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக வந்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரை என்றார் டாக்டர். ஓட்ஸ், பார்லி, அவரை, கொள்ளு, வெண்டைக்காய் இதிலெல்லாம் தண்ணீரில் கரைகிற நார்ச்சத்து இருக்கிறதாம். அது குடலில் கூழாகிப் பித்தத்தை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். புதுப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்தில் இருக்கிற கொழுப்பை எடுத்துக்கொள்ளுமாம். செடிகொடிகளில் ஸ்டெரால் என்று இன்னொன்று உண்டாம், பார்க்கக் கொழுப்பு மாதிரியே இருக்குமாம். சங்கராபுரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறவனைப் போல அது முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடுவதால், கொழுப்பு உட்கார வழியில்லாமல் இறங்கிப் போய்விடுகிறது. எள்ளிலும் வேர்க்கடலையிலும் கொஞ்சம் உண்டு, அளவோடு சாப்பிடுங்கள் என்றார். ராஜாங்கம் காதில் வேர்க்கடலை மட்டும்தான் விழுந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே கடலை பக்கோடா வாங்கித் தின்றார்.

வெளியில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கினார். வியாதிக்காரன் என்று தெரிந்தால் மதிப்புப் போய்விடுமாம். எனக்குத் தெரியாமல் அந்த மதிப்பை எங்கே வைத்திருந்தாரோ.

ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்து, இது போஸ்டர் ஒட்டுகிற பசை என்றார். கொள்ளு வேகவைத்தால், மாட்டுக்கு வைப்பதை எனக்கு வைக்கிறாயா என்று கேட்டார். மாடு தின்றுவிட்டு வேலையாவது செய்யும் என்றேன். முனகிக்கொண்டே தின்றார். பயம்தான் தின்ன வைத்தது, நான் இல்லை.

இந்த நேரத்தில்தான் அவர் தங்கச்சி பச்சையம்மாள் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. அவள் புருஷன் கண்ணாயிரத்துக்கு மலையடிவாரத்தில் ஊர். சில வருஷத்துக்கு முன்னால் அவர் புதுவீடு குடிபோனபோது, வாசலில் தன்னைப் பார்த்து "வாங்க" என்று சரியாகச் சொல்லவில்லை என்று ராஜாங்கம் சாப்பிடாமலேயே திரும்பி வந்துவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. இப்போது குழந்தைக்கு உட்கார மாமன் மடி வேண்டும் என்பதற்காக அழைத்திருந்தார்கள். இந்த முறையும் ஏதாவது ஆனால் பச்சையம்மாளுக்குப் பிறந்த வீடு அவ்வளவுதான்.

மாமன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. கல்வராயன் மலையிலிருந்து பிடித்துவந்த கிடா, குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மாமன் கை நனைக்காமல் பந்தியில் ஒருத்தரும் சோற்றைத் தொடக்கூடாது என்பது அங்கே முறை. கண்ணாயிரம் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு ஒட்டியிருந்த கறியாகப் பார்த்து அள்ளினார். ராஜாங்கம் இலைக்கு மேல் கையை வைத்து வேண்டாம் என்றார்.

பந்தியில் எல்லாத் தலையும் அந்த இலைப் பக்கம் திரும்பியது.

"அன்னிக்கும் கை நனைக்காம போன. இன்னிக்கும் வேணான்ற. அவ்ளோ கொழுப்பா மச்சான் ஒனக்கு?" என்றார் கண்ணாயிரம்.

இதில் பாதி சொன்னாலே இலையை மூடிவிட்டு எழுகிறவர் என் வீட்டுக்காரர். பச்சையம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ராஜாங்கமும் அவளைப் பார்த்தார்.

"ஆமா மாப்ள, கொழுப்புதான். நூத்தி அறுபத்திரெண்டு."

யாரோ சிரித்தார்கள். கண்ணாயிரம் சிரிக்கவில்லை. வாளியோடு குந்தி உட்கார்ந்து, கெட்டதா என்று கேட்டார். கெட்டதுதான் என்றார் இவர்.

"எனக்கு நூத்தித் தொண்ணூறு. மாத்திர குட்த்தாங்க, போடல. ஒந்தங்கச்சிக்குத் தெரியாது."

அவர் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் பின்னாலேயே நின்றிருந்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் புருஷன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இம்மா வருசம் கழிச்சி பொறந்த புள்ளைய அப்பனில்லாம ஆக்கப் பாத்தியா?"

கண்ணாயிரம் வாளியைக் கீழே வைத்தார். அவள் விரதக்காரர்களுக்கு வைத்திருந்த அவரைக்காய்ப் பொரியலை அள்ளி அண்ணன் இலையில் வைத்து, நீ கை நனை என்றாள். ராஜாங்கம் ஒரு வாய் சாப்பிட்டார். பந்தி ஆரம்பித்தது.

மாத்திரை எங்கே என்று புருஷனைக் கேட்டாள். மோட்டார் கொட்டகையில் பரணில் இருக்கிறது என்றார். அது வந்த பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கண்ணாயிரம் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார். இடுப்பில் தொங்குகிற சாவி அவர் கண்ணில் படவேயில்லை.

ராஜாங்கம் தண்ணீரை மொண்டு கையைக் கழுவினார்.

"நவுரு மாப்ள, நான் ஓட்றேன். நீ பின்னால குந்து."

மாமன் பாதி இலையில் எழுந்து போனால் அந்த ஊரில் பெரிய சண்டை நடக்கும். அன்றைக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இலையை எடுக்க வந்தவனை, அது அங்கேயே இருக்கட்டும் என்று பச்சையம்மாள் தடுத்துவிட்டாள்.