ஒரு நாள் காப்பகம்

"இது குழந்தை கிறுக்கின மாதிரியா இருக்கு? காலண்டர்ல போடலாம் போல இருக்கே," என்றார் மேலாளர்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கலர் சாக்பீஸால் சுவரில் பூனை வரைந்திருந்தாள் அவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இ.எஸ்.ஜி. சான்றிதழைப் புதுப்பிக்க மறுநாள் தணிக்கையாளர் வருகிறார். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என அதன் மூன்று பிரிவுகளுக்கும் கோப்புகளைக் கட்டிக் காப்பது அவள் வேலை. தையல் பிரிவில் அவளுக்குப் பெயரே ‘ஃபைல் அக்கா’. கழிவுநீர்க் கணக்கு தயார். இயக்குநர் கூட்டக் குறிப்புகளும் தயார். சமூகம்தான் இடித்தது. ‘குழந்தைகள் காப்பகம்’ என்று பலகை மாட்டிய அறையில் அட்டைப்பெட்டிகள்தான் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அப்புறப்படுத்தி, வெள்ளையடித்து, தொட்டில் வாங்கிப் போட்ட பிறகுதான் மேலாளருக்கு உறைத்தது. குழந்தை புழங்கும் அறையில் சுவர் இப்படிப் பளிச்சென்று இருக்குமா?

"இடது கையால கிறுக்கும்மா."

கிறுக்கினாள். எரிச்சலில் கோடுகள் தாமாகவே கோணின. மேலாளருக்குத் திருப்தி.

தங்கைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டாள். தங்கை இங்கேதான், பொத்தான் பிரிவில். ஒன்றரை வயது மகளைப் பார்த்துக்கொண்ட மாமியார் மூத்த மகன் வீட்டுக்குப் போனதிலிருந்து விடுப்புமேல் விடுப்பு. இன்னொரு விடுப்பு எடுத்தால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியாயிற்று. "அவசரப்பட்டு வேலையை விட்டுடாத. அறை திறந்ததும் பாப்பாவை இங்கேயே விட்டுக்கலாம்," என்றவள் இவள்தான். கேட்டபோது மேலாளர், "சான்றிதழ் வரட்டும், பார்க்கலாம்," என்றிருந்தார். இத்தனை வருடம் அவரிடம் குப்பை கொட்டியும், ‘பார்க்கலாம்’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாளே.

மறுநாள் வந்த தணிக்கையாளர் ஒரு பெண். அன்றைக்கென்று வரவழைத்த பாப்பாவும் வேறு நான்கு குழந்தைகளும் புதுப் பொம்மைகளுக்காக அடித்துக்கொண்டிருந்தபோது, குனிந்து சுவர்க் கிறுக்கலை விரலால் தடவிப் பார்த்தார்.

"பல இடத்துல அறை மட்டும்தான் இருக்கும். குழந்தை வந்துபோன அடையாளமே இருக்காது. இங்க அப்படி இல்ல."

சொல்லிவிடலாமா? சொன்னால் சான்றிதழ் போகும், அதோடு அறையும், தங்கை வேலையும். அவள் அடுத்த கோப்பைத் திறந்து நீட்டினாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குக்கூடத் தங்கையைச் சாக்காகத் தயாராக வைத்திருந்தாள்.

மறுநாள் காலை இடுப்பில் பாப்பாவும் கையில் பால் புட்டியுமாகத் தங்கை வந்தபோது, அறையில் ஜன்னல் உயரத்துக்குப் பெட்டிகள். சுவரோரம் தொட்டில் தலைகீழாகக் கிடந்தது.

"என்னக்கா இது?"

அவள் குனிந்து தொட்டிலை நிமிர்த்தப் பார்த்தாள்.

"ஃபைல்ல எழுதுறதை ஊருக்குக் காட்டுவ, சரி. அதை நீயே நம்பிடுவியா?"

"நீ போய் உன் இடத்துல உக்காரு. இவ என்கிட்ட இருக்கட்டும்."

தன் மேசையருகே துண்டு விரித்துப் பாப்பாவை உட்காரவைத்தாள். பாப்பா காகிதத்தில் துளைபோடும் கருவியோடு சமாதானமாக இருந்தது. தேநீர் வேளைக்குள் மேலாளர் வந்துவிட்டார்.

"ஏம்மா, குழந்தையை வேலை செய்யுற இடத்துல வெச்சா எப்படி? எவனாவது படம் எடுத்துப் போட்டான்னா, குழந்தைத் தொழிலாளர்னு சொல்லிச் சான்றிதழையே பிடுங்கிடுவாங்க. நீ எழுதின விதிதானே?"

அவள் எழுதியதுதான்.

"அப்ப அவ பாப்பாவை எங்க விடட்டும், சார்?"

அவர் பார்வை காப்பக அறைப் பக்கம் போய்த் திரும்பியது. "வீட்டுக்கு அனுப்பு. உன் தங்கச்சியையும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காப்பக அறைக்குப் போனாள். வாசலில் அதை இறக்கிவிட்டு, மேல் பெட்டியை இழுத்து நடைபாதையில் போட்டாள். பிறகு இன்னொன்று. மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டுச் சரக்கறைக்காரர் ஓடிவந்தார்.

"ஃபைல் அக்கா, இது தீப்பிடிச்சா ஓடுற வழி. இங்க பெட்டி கிடந்தா தணிக்கையில அதுவும் குறைதான்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க?"

"ஆமா," என்றபடி அடுத்த பெட்டியில் கைவைத்தாள். "சார்கிட்ட போய்ச் சொல்லுங்க. வந்து எடுத்து வைக்கட்டும். உள்ள மட்டும் வைக்க விடமாட்டேன்."