ஒத்திலியா அனுப்பிய உறைகள்

இந்த ஹசிந்தோவை எனக்குத் தம்பியாப் பெத்துக் குடுத்ததுக்கு எங்கம்மாவைத்தான் சொல்லணும். எண்பத்தெட்டு மே மாசம், மனு வாங்குற கடைசி நாள். ஃபிரஸ்னோ குடியேற்ற ஆபீஸ் வரிசையில நிக்காம, குறுக்கும் நெடுக்குமா நடந்துகிட்டே இருந்தான்.

"ஒரு இடத்துல நில்லேன்டா, தலை சுத்துது எனக்கு."

"நம்மகிட்ட ஒரு ஆதாரமும் இல்லையே அக்கா!"

எப்படி இருக்கும்? எழுபத்தொம்பதுல மெக்ஸிகோ எல்லை தாண்டி வந்ததுலேர்ந்து, போலீஸ் வேன் தெரிஞ்சா திராட்சைக் கொடிக்கு நடுவுல படுத்துக்குறதுதான் பொழப்பு. சம்பளம் கையில. ரூம் யார் பேர்லயோ. தடயமே இல்லாம ஒளிஞ்சு கிடந்தவனைக் கூப்பிட்டு, புதுச் சட்டம் போட்டு, "எண்பத்திரண்டுக்கு முன்னாடியே இங்கதான் இருந்தேன்னு நிரூபி, இருக்க உரிமை தர்றோம்"ங்குறாங்க. நல்ல கூத்து!

காலையில தபால்ல வந்த பொட்டலத்தை நீட்டினேன். எங்க ஊர்த் தபால்தலையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப் போச்சு.

"ஒத்திலியாகிட்டயா கேட்ட? வெக்கமா இல்ல உனக்கு?"

"எனக்கா? கட்டினவளுக்கு மூணு வருஷமா ஒரு வரி எழுதாதவன் நீ. ஊர்க் கடைக்குப் போன் போட்டு அவகிட்ட அழுதவ நான்."

உள்ளே எண்பதுலேர்ந்து அவன் அவளுக்கு எழுதின கடித உறைகள். ஃபிரஸ்னோ முத்திரை, தேதியோட. வரிசையா அடுக்கி நூல் கட்டியிருந்தா. எல்லாம் காலி. மேலே ஒரு சீட்டு: "உறை உனக்கு உதவும். கடிதம் எனக்கு எழுதினது. அதைத் தர மாட்டேன்."

கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு ஒவ்வொரு முத்திரையாப் பார்த்தா.

"சரியா இருக்கு. உள்ளே இருந்த கடிதம்?"

"அவகிட்ட இருக்கு"ன்னான் தம்பி.

"யாரு அவங்க?" மனுவைப் புரட்டினா. "கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்கீங்களே."

அடப்பாவி! இது எனக்கே தெரியாது. நாலு பேர் பார்க்கலைன்னா அங்கேயே அறைஞ்சிருப்பேன்.

"பொய் இருந்தா மனு நிக்காது, சார். யாரு அவங்க?"

காலையிலேர்ந்து ஓயாத காலு அப்போதான் நின்னுச்சு.

"என் பொண்டாட்டிங்க."

பேனாவைக் கொடுத்தா. பழைய பதிலை அடிச்சுட்டு ஒத்திலியா பேரை எழுதினான்.

"அவங்க விலாசம்?"

உறையெல்லாம் அந்தப் பொண்ணு கையிலதான் இருந்துச்சு. பார்த்து எழுத ஒண்ணைக்கூட அவன் கேட்கலை. தெரு, கோயில் பக்கத்து வீடு, கதவு எண் எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுதி முடிச்சான்.