எங்கள் கிரவுண்டு அக்கரைக்குப் போன கதை

பாரிவாக்கம் பக்கம் கூவம் ஆறு சட்டென்று திரும்பும் இடத்தில் எங்கள் வாலிபால் கிரவுண்டு இருந்தது. ஊர் மைதானத்தில் ஆண்கள் எங்களுக்கு இடம் விடவில்லை. விடவேண்டாம், போங்கள் என்று பெண்களாகச் சேர்ந்து கரையோரத்தைச் சமன் செய்து, ஒரு லாரி செம்மண் கொட்டி, நெட் கட்டினோம்.

ஒரே தொல்லை, கரை நெடுக நின்ற நாணல். பந்து அதற்குள் போனால் தேடி எடுப்பதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும். "வெட்டிப் போட்டா தீர்ந்துச்சு" என்றாள் எங்கள் டீமின் ஐடி கம்பெனிக்காரி கிருஷ்ணப்பிரியா. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேரோடு பிடுங்கினோம். கரை வழுவழுவென்று ஆனது. பெருமையாக செல்ஃபி வேறு.

கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தது. ஆறு திரும்பும் இடமாயிற்றே, தண்ணீர் நேராக எங்கள் கரையில்தான் மோதியது. பிடித்து நிறுத்த வேர் இல்லை. மண் பாளம் பாளமாக விழ, ஆறு டீ நிறத்தில் ஓடியது. கடைசியில் நெட் கம்பமும் போனது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பொங்கல் முடிந்து ஸ்கூட்டியில் அக்கரைப் பக்கம் போன எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்றுக் கீழே, ஆற்றின் வேகம் தணியும் இடத்தில் புதிதாக ஒரு திட்டு. நாணல் தடுத்து நிறுத்திய வண்டல். அந்த வட்டாரம் முழுக்கச் சாம்பல் நிறக் களிமண். இந்தத் திட்டில் மட்டும் சிவப்பு. அதன்மேல் அக்கரை டீம் அஜித்குமார் ஆட்களோடு நெட் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், இது எங்க மண்ணு!"

"இன்னா சுரேகாக்கா, பேரு எழுதிக்கீதா?" என்று இளித்தவன், அரிவாளோடு நாணல் பக்கம் திரும்பினான். "பந்து மாட்டிக்கினே கீது. இத்த மொதல்ல கழிச்சுடணும்."

வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. வெட்டட்டும், அடுத்த மழையில் படட்டும். ஆனால் அடித்துப் போகப்போவது என் செம்மண் ஆயிற்றே! ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"கை வெக்காத! இந்த நாணல்தான் மண்ணப் புடிச்சி வெச்சிக்கீது. நாங்க புடுங்கிப் போட்டோம், எல்லாம் ஆத்தோட போச்சு."

அவன் எதிர்க்கரையைப் பார்த்தான். எங்கள் மொட்டைக் கரை பாதி சரிந்து நின்றது. அரிவாளைக் கீழே போட்டான்.

"அப்ப பந்த யாருக்கா தேடறது?"

"நாங்க தேடறோம். சாயந்தரம் கிரவுண்டு எங்களுக்கு."

தலையைச் சொறிந்தான். பிறகு ஒப்புக்கொண்டான்.

அன்று மாலையே ஆடினோம். நான் அடித்த முதல் பந்தே நாணலுக்குள் போனது. புகுந்து எடுத்து வந்தேன். கையெல்லாம் கீறல். காலில் அப்பியிருந்த செம்மண்ணைத் தட்டிவிடத்தான் மனமே வரவில்லை.